கை நீட்டி நிக்கற ஆளு

இந்த வெள்ளைக் கையுறையக் கழட்டிப் போடுங்கன்னு யாராச்சும் வந்து சொன்னாத் தேவலை. பத்து விரலும் செவிடாயிருச்சு. பொண்ணோட அப்பனும் மாப்பிள்ளையோட அப்பனும் வெள்ளை உறை மாட்டிக்கோணும், கொரியாக் கல்யாணத்துல அதுதான் முறைன்னுட்டாங்க. காலைல மண்டபத்துக்காரப் பொண்ணு ஒண்ணு ஓடியாந்து, கொழந்தைக்கு மாட்டற மாதிரி ஒவ்வொரு விரலா இழுத்து மாட்டிவிட்டுட்டுப் போயிருச்சு. நம்மூர்லன்னா இந்நேரம் என் கைல தாரை வார்த்துக் குடுத்த ஈரம் சொட்டிட்டிருக்கும். இங்க என்னடான்னா, வெளுத்துப்போன ரெண்டு கை தொடை மேல, யாரோ மறந்து வெச்சுட்டுப் போனதாட்டம் கெடக்குது. சித்த முன்னாடிதான் என் மகளைக் கூட்டிட்டு அந்த நீட்டுப் பாதைல நடந்து வந்து, அவ கைய மாப்பிள்ளை கைல குடுத்துட்டு, இந்த முன்வரிசை நாற்காலில உக்காந்தேன். அது வரைக்கும் ஒரு பயமும் இல்லை. நடக்கறதுக்கு நாக்கு எதுக்கு? இனிமேத்தான் இருக்குது. மேடைல அதுக ரெண்டும் உறுதிமொழி படிக்கோணும். படிச்சு முடிச்சதும், மைக்கோட நிக்கற ஆளு மாப்பிள்ளையோட அப்பாவக் கூப்பிடுவாரு. அவர் எந்திரிச்சு வந்து, இன்னாரும் இன்னாரும் இன்னைலருந்து புருசன் பொண்டாட்டின்னு சபைக்கு அறிவிக்கோணும். அந்த அறிவிப்பைப் படிச்சு முடிச்சாத்தான் கல்யாணம் முடிஞ்சதுன்னு அர்த்தம். அவர் எந்திரிப்பாரு. ஆனாப் படிக்கமாட்டாரு. படிக்கப்போறது நான். அவருக்கும் எனக்கும் தவிர இந்த மண்டபத்துல ஒரு ஈ காக்காய்க்கும் அது தெரியாது. பக்கத்துல அரக்குப் பட்டுக் கட்டி உக்காந்திருக்கற எம் பொண்டாட்டி சாந்தாமணிக்கும் தெரியாது, அவளுக்கு அந்தப் பக்கம் கோட்டு மாட்டிட்டு வேர்த்துக் கெடக்கற மச்சான் குழந்தைவேலுவுக்கும் தெரியாது, மேடைல வெள்ளைக் கவுனுல நிக்கற என் மகளுக்கும் தெரியாது.

ஏன்னா நான் திக்குவாய். உள்ளுக்குள்ள பாருங்க, இப்ப எப்படி ஓடுது, ஆடிப்பெருக்குத் தண்ணி மாதிரி, ஒரு கல்லு தடுக்கறதில்ல. இந்த ஓட்டமெல்லாம் உதடு வரைக்குந்தான். உதட்டுக்கிட்ட வந்தாப் போதும், மதகு சாத்திக்கும். ‘ப’ன்னு தொடங்கற சொல்லா, போச்சு. ‘க’வா, அதுக்கு மேல. ஈரோடு கருங்கல்பாளையம் சந்தைல மாட்டுத் தரகு பாக்கறவன் நான், அங்க இது ஒரு குறையே இல்லை. மாட்டுக்குப் பேரம் வாய்ல நடக்காது. வாங்கறவன் கைய ஒரு கைல, விக்கறவன் கைய ஒரு கைல புடிச்சு, மேல ஒரு துண்டு. உள்ள விரலைப் புடிச்சு அமுக்குனா அது வெலை. சுத்தி நிக்கறவன் எத்தனை கண்ண முழிச்சாலும் தெரியாது. வாய் கிழியப் பேசறவனெல்லாம் துண்டுக்குள்ள கைய விட்டாத் தடுமாறுவான். நான் விரலாலயே குடும்பம் நடத்திப்போட்டேன். துண்டுக்குள்ள முடிஞ்ச பேரத்தை மாத்தி ஒருத்தன் பேசுனா, அப்பறம் அந்தச் சந்தைல அவனுக்கு ஒருத்தனும் கை குடுக்கமாட்டான். ஆனாச் சந்தையத் தாண்டி வெளிய வந்தா எல்லாரும் எனக்கு வள்ளலாயிருவாங்க. என் சொல்லை அவங்களே முடிச்சு வெப்பாங்க. பழைய சோறு வேணும்னு ‘ப’ன்னு நான் வாயத் தொறந்தா, சாந்தாமணி பாலைக் காச்சிக் கொண்டாந்து வெச்சிருவா. அதை மறுத்துச் சொல்ல இன்னொரு ‘ப’ வேணுமே. பேசாமக் குடிச்சிருவேன். ஒருக்கா மேக்கால ஒரு சந்தைக்குப் போயிட்டுத் திரும்பறப்ப, பவானி போறதுக்கு பஸ்சுல ஏறி டிக்கெட் கேட்டேன், ப, பன்னு. கண்டக்டர் பெருந்துறைக்குக் கிழிச்சுக் குடுத்துட்டான். சண்டை போடவா முடியும்? பெருந்துறையே போய் எறங்கி, ஒரு டீயக் குடிச்சுட்டு, அடுத்த பஸ்சப் புடிச்சேன். இப்பச் சொன்னாச் சிரிப்பா இருக்குது. அன்னிக்கு அந்த டீ கசந்துச்சு.

சாந்தாமணி முழங்கைல இடிக்கறா. என்னத்துக்கு இப்படி வேர்க்குது உங்களுக்கு, ஏசிலங்கறா. நான் தலைய ஆட்டறேன். அங்க மேடைல மாப்பிள்ளை தோஹியன் படிக்க ஆரம்பிச்சுட்டாரு. நல்ல பையன். எங்க ஊட்டுக்கு மொதமொத வந்தப்ப, நாங்க சோறு போடப் போட வேண்டாம்னு சொல்லத் தெரியாம அத்தனையும் தின்னுட்டு ராத்திரி பூரா நடந்துட்டிருந்தாரு. என் மக கப்பல் வரையற படிப்பு படிக்க பூசானுக்கு வந்தவ, இங்கயே வேலை கெடச்சு, இந்தப் பையனையும் புடிச்சுட்டா. சாந்தாமணிக்கு ஒரு மாசம் அழுகை. எனக்கென்னமோ அழுகை வரலை. வேற ஒரு நெனப்புத்தான் வந்துச்சு. இனி இந்தக் கழுதை கடல் தாண்டிப் போயிரும், நான் இன்னும் அது பேரை ஒரு தடவை கூடச் சொல்லலையேன்னு. ஆமாங்க. பவானில அம்மா ஊட்டுல பெத்ததால, ஊரு பேரே இருக்கட்டும்னு பவானின்னு வெச்சா சாந்தாமணி. பேர் வெக்கற அன்னிக்குக் கொழந்தை காதுல அப்பன் மூணு தரம் சொல்லோணும்னு சொல்லி எல்லாருமாச் சேந்து என்னைக் குனியவெச்சாங்க. குனிஞ்சேன். அந்தக் காது அரச இலைத் துளிராட்டம் இருந்துச்சு. ப. காத்துத்தான் வருது. ப. சுத்தி அத்தனை பேரும் நிக்கறாங்க, பால் பொங்குது, எவளோ ஒருத்தி சிரிப்பை அடக்கறா. எங்கக்கா என் தோளைத் தொட்டு மெல்ல நகத்திட்டு, அவ குனிஞ்சு மூணு தரம் சொல்லி முடிச்சுட்டா. அதுல இருந்து எனக்கு என் மக அம்முணிதான். எங்க பக்கம் எல்லா அப்பனும் மகளை அம்முணின்னுதான் கூப்பிடுவான், அதனால ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியலை. அவளுக்குத் தெரிஞ்சுது. நாலாப்போ அஞ்சாப்போ படிக்கறப்ப, சைக்கிள்ல முன்னாடி உக்காந்துட்டு, திரும்பிப் பாக்காமயே கேட்டா, ஏம்ப்பா எம் பேரை நீங்க மட்டும் சொல்றதேயில்லைன்னு. நான் மணிய அடிச்சேன். ரோட்டுல ஆரும் இல்லை, அப்படியும் அடிச்சேன்.

இப்ப என் மக படிக்கறா. கொரியாப் பாசை என்னமா வருது அவளுக்கு, தண்ணி பட்ட பாடு. எல்லாரும் தலைய ஆட்டறாங்க. நான் அந்தச் சத்தத்துல எழுத்தைப் பாக்கறேன். இது எனக்குப் புதுசா வந்த சீக்கு. எதைக் கேட்டாலும் கட்டம் கட்டமா எழுத்துத் தெரியுது. நாங்க இங்க வந்து எறங்குன அன்னிக்கு இதெல்லாம் எனக்குப் பூட்டுப் போட்ட வீடுகதான். விமான நெலையம், ரயிலு, சந்து பொந்து எல்லாத்துலயும் குச்சியும் வட்டமும் கட்டமும். எழுத்தா, தீப்பெட்டிக் குச்சியக் கொட்டி வெச்சிருக்கறதான்னு குழந்தைவேலு கேலி பேசுனான். எங்களைச் சுத்திக் காட்டறேன்னு என் மக சியோலுக்குக் கூட்டிட்டுப் போனா. அங்க நடுரோட்டுல தங்கம் பூசுன ராஜா ஒருத்தர் கைல பொஸ்தகத்தோட உக்காந்திருக்காரு. அவர்தான் இந்த எழுத்தை உண்டு பண்ண வெச்சவராம், சாதாரண சனங்க படிக்கட்டும்னு. ராஜான்னா வாளோட இருப்பாங்க, இவர் வாத்தியாராட்டம் இருக்காருங்கறா சாந்தாமணி. அப்பறம் ஒரு அருங்காட்சியகம். காலு வலிக்குதுன்னு அவங்க மூணு பேரும் உக்காந்துட்டாங்க, நான் மட்டும் சுவரைப் பாத்துட்டே போனேன். ஒரு எடத்துல அப்படியே நின்னுட்டேன். ஒரு ஆளோட தலைய நடுவால பொளந்து வரைஞ்சிருந்தாங்க. வாய், பல்லு, அண்ணம், நாக்கு. நாக்கோட அடிப்பக்கம் எந்திரிச்சுப் போய்த் தொண்டைய அடைக்குது. பக்கத்துலயே ஒரு எழுத்து, அதே நாக்கு, அதே வளைவு. அதுதான் அவங்க ‘க’. அடுத்த படத்துல நாக்கு நுனி மேல போய் ஒட்டுது, பக்கத்துல அதே வடிவத்துல ‘ந’. மூடுன உதடு ஒரு கட்டம், அது ‘ம’. அந்தக் கட்டத்துக்கு மேல ரெண்டு கொம்பு வெச்சா ‘ப’. வாயப் பாத்து வரைஞ்ச எழுத்துங்க.  ஒவ்வொரு சொல்லுக்கும் என்னைக் கட்டிப் போட்டு அடிக்கற எதிரி எந்த எடத்துல ஒளிஞ்சிருக்கான்னு இத்தனை வருசம் எனக்குத் தெரியாது. யாரோ ஒரு ராஜா அந்த எதிரி ஊட்டுக்கு வழி வரைஞ்சு, எல்லார் கண்ணுக்கும் தெரியறாப்ல சுவத்துல மாட்டி வெச்சிருக்காரு.

அப்பறம் எனக்குப் பொழுதே போதலை. மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போயிருவாங்க, சாந்தாமணி டிவில கொரியா நாடகம் போட்டு ஒரு சொல்லும் புரியாம அழுதுட்டிருப்பா, நான் பாதாள ரயிலேறிருவேன். ஸ்டேசன் பேரு வரும், அதை வெரலால தொடை மேல எழுதுவேன், ஒலிபெருக்கில சொல்லறதோட ஒத்துப் பாப்பேன். நம்ம எழுத்து மாதிரித்தான், மெய்யும் உயிரும் சேந்து ஒரு வீடு. அவங்க ‘ப’வும் நம்ம ‘ப’ மாதிரியே, ஒரே எழுத்து ரெண்டு சத்தம் போடும். அதனாலதான் இந்தப் பூசான் பேரை இங்கிலீசுல பழைய போர்டுல P போட்டும் புது போர்டுல B போட்டும் எழுதி வெச்சிருக்காங்க. வெள்ளைக்காரனுக்குத்தான் அந்தக் குழப்பம். கொரியாக்காரனுக்கும் எனக்கும் ஒரு குழப்பமும் இல்லை. உயிரெழுத்துல ஒரு நெட்டுக்கோடு வரும், அது நிமுந்து நிக்கற மனுசனாம், என் மக சொன்னா. அந்தக் கோட்டுக்கு வலது பக்கம் சின்னதா ஒரு கோடு நீட்டுனா ‘ஆ’. எனக்கு அது கை நீட்டி நிக்கற ஆளு. ‘பா’ எழுதிப் பாத்தேன். மூடுன வாயி, பக்கத்துல, வெளிய, ஒரு ஆளு கைய நீட்டிட்டு நிக்கறான். வாப்பா, வெளிய வா, நான் நிக்கறேன்னு. ஒரு நா கடற்கரை ஓரமா ஒரு மீன் கடை, பெரிய போர்டு. ரெண்டு வீடு. மொத வீடு எனக்குத் தெரிஞ்ச வீடு. பா. ரெண்டாவது, தா. பாதா. சத்தமாவே சொல்லிப்போட்டேன். கடை வாசல்ல மீன் கழுவிட்டிருந்த அம்மா நிமுந்து பாத்து, சிரிச்சுட்டு, எனக்குப் பின்னால கை காட்டுச்சு. திரும்பிப் பாத்தாக் கடலு. பாதான்னா கடலுங்க. ‘ப’ல தொடங்கற ஒரு சொல்லு என் வாய்ல இருந்து தடையில்லாம விழுந்து, பின்னால அம்மாம்பெரிய கடலா நின்னுச்சு. நான் அதைச் சொல்லலை, செங்கல் செங்கலாக் கட்டுனேன், அதனாலதான் மதகுக்குத் தெரியாமப் போயிருச்சுன்னு நெனைக்கறேன். அன்னிக்குக் கடல்கிட்ட நின்னுட்டு எத்தனை தடவை பாதா பாதான்னு சொன்னேனோ, ஒரு நாயி மட்டும் கேட்டுட்டிருந்துச்சு. இன்னொண்ணும் அன்னிக்குப் புரிஞ்சுது. இந்த நாட்டுல என் திக்கு ஆருக்கும் தெரியாது. வெளியூர்க்காரன் எழுத்துக் கூட்டித் தடுமாறுனா அது மரியாதையான தடுமாட்டம். நின்னு கேப்பாங்க, முடிச்சா நல்லாப் படிச்சீங்கம்பாங்க.

அதோ அந்தப் பக்கம் முன்வரிசைல உக்காந்திருக்காரே, கழுத்துப் பட்டைய நொடிக்கொருக்கா இழுத்து விட்டுட்டு, அவர்தான் சம்பந்தி, மூன் ஜோங்சு. மீன் ஏலத்துல தரகு. மொத நா எங்களுக்கு ஒருத்தரைப் பாத்து ஒருத்தர் தலைய ஆட்டறதத் தவிர ஒண்ணும் ஓடலை. ஒரு நா வெடியால என்னையும் ரப்பர் பூட்ஸ் மாட்டவெச்சு ஏலத்துக்குக் கூட்டிட்டுப் போனாரு. ஒரே ஈரம், பெட்டி பெட்டியாக் கானாங்கெளுத்தி, ஏலம் விடற ஆளு பாட்டாப் பாடிட்டே போறான். வாங்கறவங்க ஒருத்தரும் வாயத் தொறக்கலை. கோட்டை விலக்கி, நெஞ்சோட ஒட்டி, வெரலைக் காட்டறாங்க. மடக்கறாங்க, விரிக்கறாங்க, அடுத்தவன் பாக்காம. எனக்குச் சிரிப்பு வந்திருச்சு. எங்கயோ இருக்கற கொரியாவுல, மீன் நாத்தத்துக்கு நடுவுல, எங்க சந்தை. சம்பந்தி கையப் புடிச்சேன், தோளுல இருந்த துண்டை எடுத்து மூடுனேன், உள்ள அவர் வெரலை அமுக்குனேன். அந்த மனுசன் ஒரு நிமிசம் என்னைப் பாத்தாரு, அப்பறம் வயித்தைப் புடிச்சுட்டு சிரிச்சாரு பாருங்க, ஏலமே நின்னு பாத்துச்சு. அதுக்கப்பறம் எங்களுக்குள்ள பேச்சே அதுதான். சோறு போதுமா, இன்னொரு மொடக்கு வேணுமா, எல்லாம் துண்டுக்குள்ள. எழுத்தும் அவர் என் உள்ளங்கைல எழுதிக் காட்டுவாரு, நான் அவர் உள்ளங்கைல எழுதுவேன். எழுதி நான் படிக்கற வரைக்கும் காத்திருப்பாரு. அந்த மாதிரி எனக்காகக் காத்திருந்த ஆளு அதுக்கு முன்னாடி ஒருத்தரும் இல்லை.

போன வாரம் ரெண்டு குடும்பமும் ஒட்டுக்கா உக்காந்து சாப்பிட்டோம். கல்யாணத்துல ஆரு ஆரு என்ன செய்யறதுன்னு என் மக பிரிச்சுக் குடுத்தா. அம்மாமாரு மெழுகுவத்தி ஏத்தோணும். மாப்பிள்ளையோட அப்பா அறிவிப்புப் படிக்கோணும். என்கிட்ட வந்து, குரலைத் தழைச்சுட்டுச் சொன்னா, அப்பா, நீங்க என் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்தாப் போதும், பேசற வேலை ஒண்ணும் உங்களுக்கு வெக்கலைன்னு. பாசத்துலதான் சொன்னா. எனக்குச் சுருக்குன்னுச்சு. என் சொல்லை எல்லாரும் முடிச்சு வெச்சாங்க. இவ என்னடான்னா சொல்லே இல்லாம முடிச்சு வெக்கறா. பக்கத்துல சம்பந்தி உக்காந்திருக்காரு. மடில கெடந்த துண்டை எடுத்தேன். மேசைக்கு அடில அவர் கையத் தேடிப் புடிச்சு, உள்ளங்கைல எழுதுனேன், நாக்கு நுனி ஒரு வளைவு, பக்கத்துல கை நீட்டி நிக்கற ஆளு. நா. அவங்களுக்கும் நான்னா அதுதான், நமக்கும் அதுதான். அவருக்குப் புரியலைன்னு மேசை மேல இருந்த அறிவிப்புக் காயிதத்தைக் கண்ணால காட்டிட்டுத் திரும்ப எழுதுனேன். நா. அவர் காயிதத்தைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு. அப்பறம் என் சுண்டு வெரல்ல தொடங்கிப் பெருவெரல் வரைக்கும் ஒவ்வொண்ணா அமுக்கி, கடைசில மொத்தமாப் புடிச்சாரு. பேரம் முடிஞ்சுது. மேசைக்கு மேல இருந்தவங்க கறிய வறுத்துட்டே இருந்தாங்க. மறுநாள்ல இருந்து ஏலம் முடிஞ்சதும், காயிதக் கப்புல காப்பிய வெச்சுட்டு, நான் படிக்கறது, அவர் காத்திருக்கறது. பூராப் படிச்சேன். ஒரே ஒரு எடத்தை மட்டும் வெரலால தொட்டுட்டுத் தாண்டிப் போயிட்டேன், ஒவ்வொரு தடவையும். மூணு வீடு அது. மொத வீடு, மூடுன வாய், கை நீட்டி நிக்கற ஆளு. என் மக பேரு.

கைதட்டறாங்க. உறுதிமொழி முடிஞ்சிருச்சு. அடக் கடவுளே, இத்தனை சீக்கிரமா? கதவுக்கு வெளிய அடுத்த கல்யாணக்காரங்க வந்து நிக்கறாங்க, இங்க மண்டபம் மணிக்கணக்குக்குத்தான். வேண்டாம்னு கண்ணக் காட்டிரலாமா? சம்பந்தி பாப்பாரு, அவரே படிச்சிருவாரு, ஒருத்தருக்கும் ஒண்ணும் தெரியாது. அந்தப் பேரு மட்டும் இல்லைன்னாப் படிச்சிருவேன். அத்தனையும் கொரியா, சாந்தாமணியால முடிச்சு வெக்க முடியாது, குழந்தைவேலுவால முடியாது, அதுக்குத்தானே இந்த மொழில கேட்டு வாங்குனேன். ஆனா அந்த ஒத்தைச் சொல்லு அவங்களுக்குத் தெரியுமே. அந்த எடத்துல நான் நின்னேன்னா முன்வரிசைல இருந்தே முடிச்சிருவாங்க, என் மக பேரைத் திரும்ப ஆராச்சும் எடுத்துட்டுப் போயிருவாங்க. மைக்குக்காரர் சம்பந்தி பேரைச் சொல்லிப்போட்டாரு. அவர் எந்திரிச்சாரு. மேடைக்குப் போனாரு, அட்டையப் போட்டுக் கட்டுன அந்தக் காயிதத்தை எடுத்தாரு, மைக்கைத் தாண்டி வந்தாரு, நேரா என் முன்னாடி வந்து நின்னாரு. ரெண்டு கைலயும் புடிச்சு நீட்டறாரு.  உங்களை எதுக்கு, உங்களை எதுக்குங்கறா சாந்தாமணி. துண்டுக்குள்ள முடிஞ்ச பேரம். எந்திரிச்சேன்.

மேடைல என் மக கண்ணு இத்தனை பெருசா விரியுது. அப்பா வேண்டாம்னு உதடு அசையுது. மைக்குக்கு முன்னால வந்து நிக்கறேன், அவளைப் பாக்கலை, காயிதத்தைப் பாக்கறேன். உறை மாட்டுன கைக்கு எழுத்துப் புடிபடலை. வலது கை உறையப் பல்லால கடிச்சு இழுத்தேன். பின்னால முணுமுணுப்பு. தப்புத்தான் போல இருக்குது, இருக்கட்டும். பக்கத்துல பாத்தா சம்பந்தியும் அவர் வலது கை உறையக் கழட்டிக் கோட்டுப் பையில சொருகறாரு, இதுதான் முறைங்கற மாதிரி. வெரலை மொத எழுத்து மேல வெச்சேன். அவங்க பாசைல மாப்பிள்ளைங்கற சொல்லு, காத்து மாதிரி வருது. மாப்பிள்ளை பேரு, வந்திருச்சு. பொண்ணுங்கற சொல்லு, வந்திருச்சு. என் குரலு மைக்குல எனக்கே கேக்குது, இந்த ஆளு ஆருன்னு இருக்குது. அப்பறம் அந்த வீடு. ப. காத்து. ப. மதகு எறங்கிருச்சு. கழுத்து நரம்பு இழுக்குது, கண்ணு மூடிக்குது, பால் பொங்கற வாசம் வருது, எங்கக்கா என் தோளைத் தொடறா. முன்வரிசைல நாற்காலி நகர்ற சத்தம். கண்ணத் தொறந்தேன். குழந்தைவேலு முன்னால சாஞ்சு வாயத் தொறந்துட்டான், அவன் உதடு ஒட்டுது, ‘ப’ வரப்போகுது. சாந்தாமணி, என் வாய்ல இருந்து ஒரு சொல்லைக் கூட முழுசா வெளிய வர விடாத சாந்தாமணி, பட்டுச் சேலையோட ஒரு பக்கம் பாஞ்சு, அவ அண்ணன் வாயப் படார்னு பொத்திட்டா. பொத்துன கைய எடுக்காம, என்னையே பாத்துட்டு, அவ உதட்டையும் கடிச்சுட்டு உக்காந்திருக்கா.  அத்தனை பேரும் காத்திருக்காங்க. எனக்காகங்க. நான் வெரலை அந்தக் கட்டத்துல ஓட்டுனேன், கீழ, பக்கவாட்டுல, மேல ரெண்டு கொம்பு, மூடுன வாயி. அவசரமில்லை. அப்பறம் வெளிய. நெட்டுக்கோடு. அங்க அவன் நிக்கறான், கைய நீட்டிட்டு. புடிச்சுட்டேன்.

பவானி.

நாந்தான் சொன்னேன். மைக்குல, மண்டபம் பூரா. கதவுக்கு வெளிய நிக்கற அடுத்த கல்யாணக்காரங்களுக்கும் கேட்டிருக்கும். காயிதத்துல ஒரு தடவைதான் இருந்துச்சு. பேர் வெக்கறதுன்னா மூணு தரம் சொல்லோணுமே. அவ பக்கம் திரும்பி, அவ காதைப் பாத்து, பவானின்னேன். திரும்பவும் பவானின்னேன். ரெண்டாவது லேசாத் தட்டுச்சு, மூணாவது கல்லாட்டம் விழுந்துச்சு. கொரியாக்காரங்க எங்க ஊரு வழக்கம் போல இருக்குதுன்னு நெனச்சுட்டு பயபக்தியாத் தலைய ஆட்டுனாங்க. நெனச்சதுல தப்பே இல்லை. என் மக ரெண்டு கையாலயும் மூஞ்சிய மூடிட்டா, பூச்செண்டு கீழ விழுந்திருச்சு, மாப்பிள்ளை குனிஞ்சு எடுக்கறாரு. நான் அழலை. எனக்கு இன்னும் வேலை இருக்குதே. மிச்சத்தையும் வெரலை வெச்சு வெரலை வெச்சுப் படிச்சேன், சொந்தபந்தம் கூடியிருக்கற எடத்துல, இன்பத்துலயும் துன்பத்துலயும் ஒண்ணா இருக்கறதுக்கு ஒத்துக்கிட்டாங்க, இந்தக் கல்யாணம் நல்லபடியா முடிஞ்சதுன்னு உங்க எல்லார் முன்னாலயும். கடைசிச் சொல்லுக்கு நிமுந்தேன். அதுக்குக் காயிதம் வேண்டியிருக்கலை. அறிவிக்கிறேன். அவங்க பாசைல அதைச் சொல்லி, சபையப் பாத்துக் குனிஞ்சேன். அதுக்கப்பறந்தான் கைதட்டல், மழை மாதிரி, சம்பந்தி தட்டறது தனியாக் கேட்டுச்சு, ஒரு கைல உறை, ஒரு கை வெறும் கை.

என் மக கவுனைத் தூக்கிட்டு எறங்கி வந்துட்டா. முறையெல்லாம் அங்கயே கெடக்குது. என் கழுத்தக் கட்டிட்டு காதுகிட்ட வந்து சொன்னா. “அப்பா, சைக்கிள்ல வெச்சு நான் கேட்டேனே.” ஆமான்னேன். அந்தச் சொல்லு எனக்கு எப்பவும் வரும்.

திரும்ப வந்து நாற்காலில உக்காந்தேன். மேடைல தோஹியனோட சிநேகிதன் ஒருத்தன் பாட்டுப் பாட ஆரம்பிச்சுட்டான். குழந்தைவேலு மூஞ்சில சாந்தாமணி வெரலு அஞ்சும் செவப்பாத் தெரியுது, அதைத் தடவிட்டு உக்காந்திருக்கான். சாந்தாமணி மூக்கத் தொடச்சுட்டு, வேற பக்கம் பாத்துட்டே, தொண்டை காஞ்சிருக்குமே, குடிக்க என்ன வேணும்னு கேட்டா. எனக்கு வாயெல்லாம் வறண்டு கெடந்துச்சு. ப-ன்னேன். மதகு எறங்கிருச்சு. ப. அது அப்படியேதான் இருக்குது, எங்கயும் போயிரலை. அவ வாயத் தொறந்தா. பாலான்னு கேக்கப் போறா. கேக்கலை. மூடிட்டா. கைய மடில வெச்சுட்டு, என் மூஞ்சியப் பாத்துட்டு, பாட்டு முடியற வரைக்கும் ஆனாலும் ஆகட்டும்னு உக்காந்திருந்தா. நான் உறையில்லாத கைய எடுத்து அவ கை மேல வெச்சேன், உள்ளங்கைல எழுதுனேன், மூடுன வாய், கை நீட்டி நிக்கற ஆளு. அவளுக்கு அது ஒண்ணும் புரியலை, இருந்தாலும் கைய எடுக்கலை.

“ப... பச்சைத் தண்ணி”ன்னேன். கொண்டாரப் போனா.